எறும்பு ஏறாத பேக்கன்

ஜனவரி 6, திங்கள்

காலையில் பழைய வைக்கோல் கட்டும் இயந்திரம் ஒன்று போனது. வாங்க வந்தவன் டயரை உதைத்து உதைத்துப் பார்த்தான். "குறை டயர்ல இல்ல, சங்கிலியில இருக்கு" என்று நானே காட்டினேன். உடனே விலையைக் குறைக்கச் சொன்னான். காட்டினது இலவசம், குறைக்கிறது இலவசம் இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான்.

இதையெல்லாம் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன்? மதியம் நடந்ததைத் தள்ளிப்போடத்தான்.

என் புருஷன் டென்சிலுக்கு லாரி ஓட்டத் தேவையான மருத்துவ அட்டையைப் புதுப்பிக்கப் போனோம். கிளினிக்கில் பிரூவிட் அம்மாள் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக முதலில் அவனைப் பார்த்தார், பிறகு என்னை.

"சுகர் இந்த அளவுல இருக்கிற ஆளை அவ்வளவு பெரிய வண்டியில ஏத்தி ரோட்டுல விட எனக்கு மனசு வரல. மூணு மாசத்துக்கு மட்டும் கையெழுத்து போடறேன். ஏப்ரல்ல வாங்க. இறங்கியிருந்தா ஒரு வருஷத்துக்குத் தரேன். இறங்கலன்னா அட்டை கிடையாது."

நான் வெளி மாநில ஏலங்களில் பழைய டிராக்டர் எடுப்பேன். அவன் ஏற்றிக்கொண்டு வருவான். முப்பது வருடமாக இதுதான் எங்கள் பிழைப்பு. வேறு டிரைவர் கிடைக்காமல் போகமாட்டான். ஆனால் லாரி இல்லாத டென்சிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? முழங்கால் அறுவை முடிந்து வீட்டில் கிடந்தபோது, ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பிரித்துப் போட்டவன். சாயங்காலம் ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வான். அந்த முதுகை மறுபடியும் பார்க்க என்னால் ஆகாது.

பிரூவிட் ஒரு தாள் கொடுத்தார். சேர்த்த சர்க்கரை எந்த வடிவத்திலும் கூடாது. ரொட்டி, சோள ரொட்டி, உருளை, பீன்ஸ், பால், இனிப்பு டீ, எல்லாம் கூடாது. டென்சில் லாரியில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தான்.

"பேக்கன் கூடாதுன்னு இதுல இல்லையே?"

"இல்ல."

"அப்ப மத்ததெல்லாம் விட்டுடறேன். காலையில மூணு துண்டு பேக்கன் மட்டும் வேணும். அதையும் புடுங்கினா என்னைக் கணக்குல சேக்காத."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா தாள்ல இருக்கறதுல ஒண்ணு மீறினாலும் எல்லாம் போச்சு, வெர்லா. எனக்கு நடுவாந்திரம் தெரியாது. உனக்கே தெரியும்."

தெரியும். மெல்லும் புகையிலையை அப்படித்தான் விட்டான். முதல் தடவை விட்டபோது யாரோ சாவு வீட்டில் "ஒரு சிட்டிகை" கொடுத்தார்கள். அந்தச் சிட்டிகை இரண்டு வருடம் நீண்டது. அடுத்த தடவை டப்பாவைப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தான். அதற்கப்புறம் மோந்துகூடப் பார்த்ததில்லை.

நானும் அதையேதான் சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டேன். தியாகம் ஒன்றும் இல்லை. அவன் எதிரில் உட்கார்ந்து சோள ரொட்டி தின்ன எனக்கு நெஞ்சு கிடையாது.

ஜனவரி 7

பேக்கனில் சர்க்கரை இருக்கிறது.

டவுன் கடையில் குளிர்பெட்டி முன்னால் நின்று ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் படித்தேன். சர்க்கரை. பழுப்புச் சர்க்கரை. தேன். மேப்பிள் பாகு. டெக்ஸ்ட்ரோஸ் — இதுவும் சர்க்கரைதானாம், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. பன்றியை உப்பில் போட்டுப் புகையில் தொங்கவிடுவதற்கு நடுவில் இவ்வளவு இனிப்பு எப்படி நுழைந்தது? இத்தனை வயதுக்கு நான் ஒரு தடவைகூடப் பின்பக்கம் பார்த்ததில்லை.

இறைச்சி வெட்டும் மேடையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"சர்க்கரை இல்லாம பேக்கனா? யாரு கண்ணு வாங்குவா அதை?"

"நான் வாங்குவேன்."

"உடம்பு சரியில்லையா?"

ஜனவரி 8

முட்டை மட்டும். அவன் தட்டைப் பார்த்த பார்வையில் நாய் செத்த அன்று பார்த்த அதே முகம்.

ஜனவரி 11, சனி

லெக்சிங்டன் வரை போனேன். கையால் நெய்த பை விற்கும் கடை, மூலையில் உணவுப் பொருள். அங்கே ஒரு பாக்கெட் கிடைத்தது. பன்றி, உப்பு, மிளகு, அவ்வளவுதான். விலையைக் கேட்டதும் "பன்றி உயிரோட வருமா?" என்றேன். கல்லாவில் இருந்த பையன் சிரிக்கவில்லை. பேரம் பேசினேன். அவனுக்கு அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் இருப்பதே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பொரித்தேன். சட்டியில் போட்டதும் சுருங்கி ரிப்பன் மாதிரி ஆகிவிட்டது.

டென்சில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இது பன்றியா, பன்றியோட போட்டோவா?"

தின்றான். புகார் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம். கடிகாரம் பிரிக்கிற ஆள் அமைதியானால் நல்லதல்ல.

ஜனவரி 14

பிரூவிட் அம்மாளுக்குப் போன் போட்டேன். பேக்கனில் இருக்கிற துளிச் சர்க்கரை அட்டையைத் தீர்மானிக்காதாம். "ஸ்வீட் டீயும் சோள ரொட்டியும் நின்னாலே பாதி வேலை முடிஞ்சது. இதுக்கு ஏன் இவ்வளவு அலையறீங்க?"

அவருக்கு ரத்தம் தெரியும். டென்சிலைத் தெரியாது. துளியாய் இருந்தால் பரவாயில்லை என்று நான் போய்ச் சொன்னால், மத்தியானமே அந்தத் துளி ஒரு டம்ளர் டீயாகும். சாயங்காலம் ஒரு கேக். அவனே சொன்னான், நடுவாந்திரம் தெரியாதென்று.

சொல்லவில்லை. தேடுவது என்று முடிவு.

ஜனவரி 18, சனி

கிடைத்தது! அலைந்ததெல்லாம் வீண். நாலு மைல் தள்ளி நம் ஹோபர்ட் ஸ்லோன் வீட்டுப் புகைக்கொட்டகையிலேயே இருந்தது.

ஹோபர்ட்டுக்கு எழுபத்து மூன்று வயது. வருடா வருடம் குளிர் இறங்கினதும் பன்றி அடித்து, உப்பேற்றி, ஹிக்கரிக் கட்டைப் புகையில் தொங்கவிடுவார். விற்பதில்லை, சொந்தக்காரர்களுக்கு மட்டும். நான் சொந்தக்காரி இல்லை. ஆனால் அவருடைய வைக்கோல் வாரிக்கு ஒரு பல்சக்கரம் வேண்டும், அது என்னிடம்தான் இருக்கிறது.

"ஹோபர்ட், உண்மையைச் சொல்லுங்க. இதுல சர்க்கரை போடறீங்களா?"

"சர்க்கரையா? பேக்கனுக்கா?" தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "மிஸ் வெர்லா, நான் என்ன மிட்டாய்க்கடையா வச்சிருக்கேன்? கலவையைத் தேய்ப்பேன். புகை போடுவேன். எங்கப்பா அதைத்தான் செஞ்சார், அவங்கப்பா அதைத்தான் செஞ்சார்."

"தேன்? பாகு?"

"அதெல்லாம் டவுன்காரங்க வேலை."

பல்சக்கரத்தைக் கொடுத்தேன், ஒரு முழுப் பாளம் வாங்கினேன். "என் சக்கரத்துக்கு ரெண்டு பாளம் தரலாம்" என்று பார்த்தேன். "உங்க சக்கரத்துல ஒரு பல்லு தேஞ்சிருக்கு" என்றார். தேய்ந்துதான் இருந்தது. விட்டுவிட்டேன்.

ஜனவரி 19

மூன்று துண்டு, தடிமனாக. டென்சில் கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

"நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இவ்வளவு சந்தோஷமா இல்ல."

"எனக்கும் அப்படித்தான் ஞாபகம்."

பிப்ரவரி 2

இண்டியானா ஏலம். இரண்டு டிராக்டர் எடுத்தேன், ஒன்று நல்லது, ஒன்று ஆசை. டென்சில் மதியச் சாப்பாட்டுப் பெட்டியோடு லாரியில் ஏறி உட்கார்ந்தான். அவித்த முட்டை, கீரை, மீந்த பேக்கன். பக்கத்து லாரிக்காரன் "என்னப்பா, பள்ளிக்கூடம் போறியா?" என்று கேட்டானாம். "ஆமா, இந்த வருஷம் பாஸ் பண்ணியே ஆகணும்" என்றானாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தேவாலயத்தில் விருந்து. ஆளாளுக்கு அவன் தட்டில் 'பை' என்கிற இனிப்புப் பலகாரத்தை வெட்டி வைக்கப் பார்த்தார்கள். ஆப்பிள் போட்டது, முட்டையும் சர்க்கரையும் போட்டது, பீக்கன் கொட்டை போட்டது. "ஒரே ஒரு வாய், டென்சில், ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்." "ஆண்டவர் மாட்டார், பிரூவிட் கோவிச்சுக்குவாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அவன் கையைப் பார்த்தேன். முட்கரண்டியை விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்திருந்தான்.

பிப்ரவரி 20

பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். ஏற்கனவே ஒன்று போட்டிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. காலையில் விரலில் குத்திப் பார்க்கிற சுகர் எண்ணும் இறங்கிக்கொண்டே வருகிறது.

மூச்சு விடலாம் போலிருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

எறும்பு.

இரண்டு நாள் நல்ல வெயில். கடை அலுவலக மூலையில் சாரை சாரையாக எறும்பு. எங்கே போகிறது என்று பின்னாலேயே போனேன். அங்கே குளிர்காலச் சரக்கில் மீந்த மூட்டைகள் இருந்தன, இறைச்சிக்குத் தேய்க்கும் கலவை. வருடா வருடம் நவம்பரில் நாற்பது மூட்டை இறக்குவேன், பன்றி அடிக்கிறவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். ஒன்று கிழிந்திருந்தது. எறும்பெல்லாம் அதற்குள்.

உப்புக்கு எறும்பு வருமா?

குனிந்து மூட்டையைப் படித்தேன். சின்ன வயதிலிருந்து பார்த்த மூட்டை. எங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இதே மூட்டைதான், இதே பன்றிப் படம்தான். பன்றிக்குக் கீழே, என் கை அகலத்துக்கு, "சர்க்கரை உப்புக் கலவை" என்று எழுதியிருக்கிறது. எழுத்து பொடி இல்லை! யாரும் மறைக்கவில்லை! இந்தப் பக்கத்தில் யாரும் அந்த முதல் வார்த்தையைச் சொல்வதில்லை, அவ்வளவுதான். கலவை, கலவை என்போம். கலவை என்றால் உப்பு. வேறென்ன?

ஹோபர்ட்டுக்குப் போன் போட்டேன்.

"ஹோபர்ட், நீங்க தேய்க்கிற கலவை — எது அது?"

"அந்தப் பன்றிப் படம் போட்ட மூட்டைதான்."

"அதுல சர்க்கரை இருக்கு!"

"இருக்கும். அது கலவையாச்சே."

"நான் கேட்டேனே! சர்க்கரை போடறீங்களான்னு கேட்டேனே!"

"நான் போடலையே, மிஸ் வெர்லா. அதுலயே இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க கடையிலதானே வாங்கினேன்?"

அய்யோ. அய்யோ, வெர்லா. லெக்சிங்டன் வரைக்கும் போயி ஊர்ப்பட்ட பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிச்சியே, உன் கடை மூட்டையை ஒரு தடவை குனிஞ்சு படிச்சியா?

மார்ச் 5

இன்று காலை பேக்கனை வேண்டுமென்றே கருக்கினேன். போன் வந்தது, கவனிக்கவில்லை என்றேன். அவன் கருகினதையே தின்றுவிட்டான். "பரவால்ல, வாசனை இருக்கு."

நாளைக்கு என்ன சொல்வேன்? பன்றி தீர்ந்துவிட்டதென்றா? இன்னும் நாலு வாரம்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் அட்டை வந்துவிடும். பிரூவிட்டே சொன்னார், துளிச் சர்க்கரையால் ஒன்றும் ஆகாதென்று. சொன்னால்? "அப்ப ஒன்னரை மாசமா மீறிக்கிட்டுதான் இருந்தேனா" என்பான். எல்லாம் போச்சு என்பான். அந்தச் சிட்டிகை மாதிரிதான் ஆகும்.

சொல்லாதே என்கிறது கணக்குப் போடுகிற புத்தி.

ஆனால் துருவின் மேல் பெயிண்ட் அடித்து நான் ஒரு வண்டியும் விற்றதில்லை. ஓட்டலில் தட்டு கழுவின காசில் முதல் டிராக்டரை வாங்கி விற்றபோதும் விரிசலைக் காட்டித்தான் விற்றேன். அதனால்தான் மூன்று மாவட்டம் தாண்டி என்னிடம் வருகிறார்கள். ஊரான் எவனெவனுக்கோ காட்டுவேன், இவனுக்கு மறைப்பேனா? அதுவும் "சுத்தமான சரக்கு" என்று நானே சொல்லிக் கொடுத்ததை?

மார்ச் 6, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து சமையலறை மேஜைமேல் வைத்தேன். எறும்போடு. "படி" என்றேன்.

படித்தான். மறுபடி படித்தான்.

"இதைத்தான் ஹோபர்ட் தேய்க்கிறாரா?"

"ஆமா."

"நம்ம கடையில வாங்கி?"

"ஆமா."

"எத்தனை நாளாத் தெரியும்?"

"முந்தாநாள்."

"கருகினது அதனாலதானா?"

தலையை ஆட்டினேன். அவன் எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கதவைச் சாத்தின சத்தம்கூட இல்லை. சத்தமாகச் சாத்தியிருந்தால் தேவலை.

பெட்ரோல் பங்குக் கடை மூன்று மைல். கல்லாவுக்குப் பக்கத்திலேயே தேன் பன்னை அடுக்கி வைத்திருப்பார்கள். அவனுக்குப் பிடித்தது. ஜன்னலோரமாகப் போய் நின்றேன். என்ன செய்யறோம்னே தெரியல, தட்டைக் கழுவினேன், கழுவின தட்டையே மறுபடி கழுவினேன். போயிடுச்சு, எல்லாம் போயிடுச்சு, ஏண்டி வாயைத் திறந்த? நாலு வாரம் பொறுக்க முடியலையா?

இருட்டுவதற்கு முன்னால் லாரி சத்தம். டென்சில் இறங்கினான், மறுபக்கம் ஹோபர்ட் இறங்கினார். டென்சிலின் தோளில் ஒரு பச்சைப் பன்றி வயிறு, துணியில் சுற்றி. ஹோபர்ட் கையில் வெறும் உப்பு.

"பங்குக் கடைக்குப் போனியா?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"போனேன். பன் முன்னாடி கொஞ்ச நேரம் நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் காலையில குத்தின எண் ஞாபகம் வந்துச்சு. இந்தச் சனியனைத் தின்னுக்கிட்டேதானே இவ்வளவு இறங்கியிருக்கு? இதுவும் இல்லாட்டி இன்னும் இறங்குமில்ல?" பன்றியை மேஜைமேல் தொப்பென்று போட்டான். "அப்புறம் நான் மீறல, வெர்லா. தெரியாம வாங்கினவன் எப்படித் திருடனாவான்? திருடன் இவர்தான்."

"அதை வித்தது யாரு?" என்றார் ஹோபர்ட்.

இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 7

வெறும் உப்பு தேய்த்து, அலுவலகத்துப் பழைய குளிர்பெட்டியில் வைத்தாயிற்று. ஹோபர்ட் பக்கத்தில் நின்று புலம்பினார். "வெறும் உப்பா? எங்கப்பா இருந்திருந்தா விறகுக் கட்டையால அடிச்சிருப்பார்." ஆனால் மூலைமடிப்புகளில் சரியாகத் தேய்க்கவில்லை என்று டென்சிலைத் தள்ளிவிட்டு அவரே தேய்த்தார்.

மார்ச் 24

ஹோபர்ட் கொட்டகையிலிருந்து புகை முடிந்து வந்தது. பொரித்தேன். கடல் தண்ணீரைக் கடித்த மாதிரி. டென்சில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "சர்க்கரை எதுக்குப் போட்டாங்கன்னு இப்பப் புரியுது" என்றான்.

ஹோபர்ட்டுக்குப் போன். "முந்தின ராத்திரியே வெட்டித் தண்ணியில போடணும், மிஸ் வெர்லா. எங்க தாத்தா அப்படித்தான் தின்னார்." இதை முன்னாலேயே சொல்ல வேண்டியதுதானே? "நீங்க கேக்கலையே" என்கிறார். இந்த மனிதரிடம் இனிமேல் நானாகவே எல்லாக் கேள்வியையும் கேட்டுவைக்க வேண்டும்.

மார்ச் 25

ஊறப்போட்டுப் பொரித்தேன். முறுமுறுவென்று பன்றியின் சொந்த ருசி. தட்டு காலி.

ஏப்ரல் 2

நாளைக்குக் கிளினிக். அவன் லாரியைக் கழுவிக்கொண்டிருக்கிறான். சுத்தமாக இருக்கிற லாரியை.

ஏப்ரல் 3, வியாழன்

பிரூவிட் அம்மாள் தாளைப் பார்த்தார், டென்சிலைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"இது உங்க ரத்தம்தானா? கடன் வாங்கிட்டு வந்தீங்களா?"

ஒரு வருடத்துக்குக் கையெழுத்து. டென்சில் எட்டிப் பார்த்து, "பேனா நல்லா எழுதுது" என்றான்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். சாவியைத் துளையில் போட எனக்கு வரவில்லை. அவன் கையை நீட்டி என் கையைப் பிடித்துச் சாவியைப் போட்டுத் திருப்பினான். கையை எடுக்கவில்லை. காரும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்ச நேரம்.

ஏப்ரல் 12

மீந்த மூட்டைகளை விற்றாயிற்று. வாங்கின ஒவ்வொருவனிடமும் "இதுல சர்க்கரை இருக்கு, தெரியுமா?" என்று கேட்டுத்தான் கொடுத்தேன். எல்லோரும் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். "அது கலவையாச்சே, மிஸ் வெர்லா."

வருகிற நவம்பருக்கு வெறும் உப்பும் பத்து மூட்டை இறக்குவதாக இருக்கிறேன். யாராவது ஒருவர் கேட்காமலா போவார்?

ஏப்ரல் 19, சனி

டென்சில் மிசூரியில். ஏலத்தில் எடுத்த வைக்கோல் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வருகிறான். மதியம் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையிலிருந்து போன் பண்ணினான்.

"பேக்கனும் முட்டையும் கேட்டேன். பேக்கன்ல சர்க்கரை உண்டான்னேன். இல்லவே இல்ல கண்ணுன்னா அந்தப் பொண்ணு."

"ம்."

"அது வந்த அட்டைப்பெட்டியைக் கொண்டான்னேன்."

"அடப்பாவி! கொண்டுவந்தாளா?"

"சமையல்காரனே கொண்டுவந்தான். கையில கரண்டியோட. ரெண்டு பேரும் நின்னு படிச்சோம். அவனுக்கே தெரியலை, வெர்லா. பன்னெண்டு வருஷமா அதைத்தான் பொரிக்கிறானாம்."

"அப்புறம் என்ன பண்ணின?"

"என்ன பண்றது? முட்டை மட்டும் தின்னேன்."

அவன் கூடச் சிரிக்கிறவன் குரலும் கேட்டது. சமையல்காரனாகத்தான் இருக்கும்.

காலைச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றான். பாளத்தில் மூன்று துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டுவிட்டேன்.